ஆல்ட்ரோவாண்டா தொட்டியில் நூல்பாசி: மருந்து ஊற்றாமல் அடக்க முடியுமா?

தாம்பரம்மாடி | மார்ச் 9, இரவு 10.14

வணக்கம். எட்டு மாதமாக இங்கே படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தவன். இன்று எழுத வேண்டியதாகிவிட்டது. ஆறு இழை ஆல்ட்ரோவாண்டாவில் மூன்றரைதான் மிச்சம்.

பால்கனியில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, 50 லிட்டர் பிடிக்கும். மீன் கிடையாது. நீரில் வாழும் பூச்சியுண்ணிச் செடிகள் மட்டும்தான். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு வயல் வாய்க்காலில் அள்ளிய யூட்ரிகுலேரியா ஆரியா, எதனுடனோ ஒட்டிக்கொண்டு வந்த யூட்ரிகுலேரியா கிப்பா, அப்புறம் பெங்களூர் நண்பர் ஒருவர் கொடுத்த ஆல்ட்ரோவாண்டா. காலை ஏழு முதல் பதினொன்று வரை நேர் வெயில்.

பிப்ரவரிக் கடைசியில் நூல்பாசி வந்தது. சீப்பில் சிக்கிய முடி மாதிரி கொத்துக் கொத்தாக. குச்சியில் சுற்றி எடுத்தால் ஒரு டம்ளர் நிறைய வரும். மூன்றாம் நாள் மறுபடி அதே டம்ளர். ஆல்ட்ரோவாண்டாவின் அடுக்கு அடுக்கான பொறிகளுக்குள்ளே பின்னிக்கொண்டு, பாவம், மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் கிடக்கிறது.

மீன் கடையில் ஒரு பாசிக்கொல்லி கொடுத்தார்கள். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் செம்பு உப்பு. ஊற்ற மனம் வரவில்லை. மருந்து இல்லாமல் இதை அடக்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஏரிக்கரை | மார்ச் 9, இரவு 11.02

அந்தப் பாட்டில் அலமாரியிலேயே இருக்கட்டும் தம்பி. செம்பு பாசியைக் கொல்லும், கூடவே நத்தை, இறால், நீர்த்தெள்ளு எல்லாவற்றையும் கொல்லும். உங்கள் செடிகளின் சாப்பாடே அந்த நீர்த்தெள்ளுதான். ‘திரவக் கார்பன்’ என்று விற்கிறார்களே, அதையும் தொடாதீர்கள். அது குளுட்டரால்டிஹைடு. நான் ஒருமுறை ஊற்றினேன், நூல்பாசி போனதோ இல்லையோ, கிப்பா முழுக்கக் கூழாகிப் போனது.

மருத்துவம் சொல்வதற்கு முன் நாடி பார்க்க வேண்டும். சில கேள்விகள்:

பாசியை விரலில் தேய்த்தால் வழுவழுவென்று நழுவுகிறதா, நூல்கண்டு மாதிரி சொரசொரவென்று இருக்கிறதா? என்ன தண்ணீர், டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) எவ்வளவு? வற்றினால் எதை ஊற்றுகிறீர்கள்? பிஹெச் காலையில் எவ்வளவு, பிற்பகல் மூன்று மணிக்கு எவ்வளவு? இரண்டும் வேண்டும். அடியில் என்ன போட்டிருக்கிறீர்கள்?

சிங்கைத்தொட்டி | மார்ச் 10, காலை 7.40

இதற்குப் போய் இவ்வளவு யோசனையா? செர்ரி இறால் பத்து விடுங்கள். என் தொட்டியில் ஒரு வாரத்தில் துடைத்துவிட்டன. ஆல்ட்ரோவாண்டாவின் பொறிக்குள் கால் நுழையாமல் மேலாக மட்டும் மேய்வதைப் பார்க்கவே அழகாக இருக்கும். புதிதாகப் பொரித்த குஞ்சுகள் சில மாட்டும். அதுவும் செடிக்கு உரம்தானே.

தாம்பரம்மாடி | மார்ச் 10, இரவு 9.25

ஏரிக்கரை அண்ணா, இதோ விவரம்.

வழுவழு. கையில் நிற்கவே மாட்டேன் என்கிறது.

தொடங்கும்போது ஆர்.ஓ. தண்ணீர் பாதி, போர் தண்ணீர் பாதி. வற்றினால் போர் தண்ணீர்தான். அதன் டிடிஎஸ் 1,100. தொட்டியில் இப்போது 840 காட்டுகிறது. பிஹெச் காலை ஆறரைக்கு 7.8. இன்று அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு போட்டு மூன்று மணிக்கும் பார்த்தேன் (வீட்டில் காரணம் கேட்டார்கள், சொல்லவில்லை). 9.2! மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று முறை கழுவிப் பார்த்தேன்.

அடியில் மணல், இரண்டு அங்குலம்.

சிங்கைத்தொட்டி, இறால் யோசனை நன்றாக இருக்கிறது, ஆனால் மதியம் தண்ணீர் 34 டிகிரி. ஏப்ரல் வேறு வரப்போகிறது.

பாட்டனிடீச்சர் | மார்ச் 10, இரவு 11.48

மீட்டர் கெடவில்லை. அந்த 9.2 தான் உங்கள் நோயைச் சொல்கிறது.

வழுவழுப்பு என்றால் பெரும்பாலும் ஸ்பைரோகைரா. சொரசொரப்பாக இருந்தால் கிளாடோபோரா என்று சந்தேகப்படலாம். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஒரு இழையை நுண்ணோக்கியில் வையுங்கள். ஸ்பைரோகைராவின் பசுங்கணிகம் செல்லுக்குள் சுருள் வில் மாதிரி ஓடும். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஆசையாக வரையும் படம்.

இப்போது பிஹெச். தண்ணீரில் கரைந்த கரியமில வாயு, பிஹெச் ஏற ஏற பைகார்பனேட்டாக மாறிவிடும். 8.3 தாண்டினால் வாயுவாக இருப்பது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நூல்பாசிகள் பலவற்றுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, பைகார்பனேட்டையே உடைத்துச் சாப்பிடத் தெரியும். ஆல்ட்ரோவாண்டாவுக்குத் தெரியாது. நீர்வாழ் யூட்ரிகுலேரியாக்களும் பெரும்பாலும் கரைந்த வாயுவை மட்டுமே நம்பியவை. அதாவது உங்கள் தொட்டியில் காலை ஒன்பது மணிக்குள் பாசி வாயுவைக் காலி செய்துவிடுகிறது. அதற்கப்புறம் வெயில் எவ்வளவு அடித்தாலும் ஆல்ட்ரோவாண்டாவுக்கு அது பட்டினி வெயில். பாசி மட்டும் விருந்து சாப்பிடுகிறது. பைகார்பனேட் நிறைந்த போர் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அந்த விருந்துக்கு நீங்களே இலை போடுகிறீர்கள்.

ஆல்ட்ரோவாண்டா வளரும் விதத்தையும் கவனியுங்கள். நுனியில் புதிய அடுக்கு வந்துகொண்டே இருக்கும், வால் பக்கம் செத்துக்கொண்டே வரும். நல்ல நிலையில் நாளுக்கு ஓர் அடுக்கு, சில சமயம் அதற்கும் மேல். பழைய அடுக்கில் பாசி பிடித்தால் கவலையே வேண்டாம், அது எப்படியும் அழுகப் போகிறது. நுனி பாசியை முந்தி ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. ஓட்டம் தளர்ந்தால் பாசி நுனியைப் பிடித்துவிடும். உங்கள் செடிக்கு இப்போது நடப்பது அது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. மூன்று நாளைக்கு ஒரு டம்ளர் பாசி என்கிறீர்களே, கணக்கு இடிக்கிறது. மீன் இல்லாத தொட்டிக்கு அது அதிகம். அவ்வளவு பாசிக்குத் தேவையான பாஸ்பரஸ் எங்கிருந்து வருகிறது? வெறும் மணலில் இருந்து வராது. உங்கள் யூட்ரிகுலேரியா ஆரியாவில் பைகள், அதாவது இரை பிடிக்கும் பொறிகள், எப்படி இருக்கின்றன? நிறையவா, அங்கொன்றும் இங்கொன்றுமா?

வாய்க்கால்மேடு | மார்ச் 11, காலை 6.15

டீச்சர் சொல்வதெல்லாம் சரி. ஆனால் ‘பாசி’ என்றால் எது என்று முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் தண்ணீரில் பச்சையாக எது கிடந்தாலும் பாசிதான். நீங்கள் போற்றி வளர்க்கும் யூட்ரிகுலேரியாவை எங்கள் அப்பா களை எடுக்கும்போது ‘பாசி’ என்று வரப்பில் அள்ளிப் போடுவார். இப்போது அதைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து, அதன் மேல் இன்னொரு பாசி வந்துவிட்டது என்று அழுகிறீர்கள். அப்பாவிடம் சொன்னேன், ரொம்ப நேரம் சிரித்தார்.

கேலிக்குச் சொல்லவில்லை. அந்த வயலில் ஆரியா மஞ்சள் பூவோடு நிற்கும்போது நூல்பாசி பெரிதாக இருக்காது. நெல் உயர்ந்து நிழல் கட்டிய பிறகுதான் ஆரியா நன்றாக வரும். நட்ட புதிதில், வெயில் நேராகத் தண்ணீரில் விழும்போது, மேலுரம் போட்டிருந்தால், நூல்பாசி போர்வை மாதிரி மூடும். இரண்டும் ஒரே வயல்தான்.

தாம்பரம்மாடி | மார்ச் 11, காலை 8.02

டீச்சர், ஆரியாவில் பைகள் மிகக் குறைவு. ஒரு கிளையில் மூன்று நான்கு. வாய்க்காலில் எடுக்கும்போது கருப்பும் பச்சையுமாக நிறைய இருந்தது. வெளிச்சம் போதவில்லை என்று நினைத்திருந்தேன்.

கோவைசிறுவாணி | மார்ச் 11, மதியம் 1.30

நான் தொட்டியில் பாதாம் இலை போடுகிறேன். தெருவில் நிற்குமே நாட்டுப் பாதாம் மரம், அதன் இலை சிவந்து, காய்ந்து, தானாக விழுந்தது. பச்சை இலை கூடாது. சாலை ஓரத்துப் புழுதி இலையும் வேண்டாம். கழுவி இரண்டு நாள் வாளியில் ஊற வைத்து, அப்புறம் 20 லிட்டருக்கு ஒன்று. தண்ணீர் கட்டஞ்சாயா நிறத்துக்கு வரும். அந்த நிறம் பாசிக்கு வேண்டிய நீல ஒளியை வடிகட்டிவிடும். இலை மெதுவாக மக்கும்போது கரியமில வாயுவும் வெளிவரும், டீச்சர் சொன்ன பட்டினிக்கு அதுவே சோறு. பயப்படாதீர்கள், ஆல்ட்ரோவாண்டா மேலே மிதப்பதால் அதற்கு வெளிச்சம் குறையாது.

ஒப்புக்கொள்கிறேன், எனக்குச் சிறுவாணித் தண்ணீர். அதில் உப்பே கிடையாது. தாம்பரம் போர் தண்ணீரில் இலை போட்டால் நிறம் வரும், பிஹெச் அவ்வளவு சீக்கிரம் இறங்காது.

யாழ்கேணி | மார்ச் 11, இரவு 8.55

வைக்கோல் பற்றி யாரும் சொல்ல முதல் நான் சொல்லிவிடுகிறேன், என்னைப் போல ஏமாற வேண்டாம்.

இங்கிலாந்தில் குளங்களுக்குப் பார்லி வைக்கோல் போடுவார்கள். காற்றோட்டம் உள்ள தண்ணீரில் அது மெல்ல மக்கும்போது புதிய பாசி வளர்வதைத் தடுக்கும், ஏற்கெனவே உள்ளதைக் கொல்லாது. வாரக்கணக்கில் பொறுக்க வேணும். இதைப் படித்துவிட்டு நான் நெல் வைக்கோலை ஒரு பிடி கட்டி, காற்றே இல்லாத சீமெந்துத் தொட்டியில் போட்டேன். நாலாம் நாள் தண்ணி பால் மாதிரி வெளுத்தது. ஆறாம் நாள் நாற்றம். பிறகு பார்த்தால் ஊரில் உள்ள நுளம்பு எல்லாம் என் தொட்டியில் முட்டை வைத்திருக்குது! வைக்கோல் ஊறின தண்ணியைத்தான் நுளம்பு ஆராய்ச்சிக்காரர் பொறியில் வைத்து முட்டையிட இழுப்பார்களாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கோவை அண்ணை சொல்லும் இலைதான் நல்லது. எங்கட ஊர் சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணிக்கு அதுவும் போதாது. நான் மழைத் தண்ணி பிடிக்கத் தொடங்கின பிறகுதான் ஆரியா பிழைத்தது.

நத்தைவேகம் | மார்ச் 12, காலை 10.10

என் பெயரைப் பார்த்தாலே என்ன சொல்வேன் என்று தெரிந்திருக்கும். ராம்ஸ்ஹார்ன் நத்தை ஐந்து. 34 டிகிரியும் தாங்கும், போர் தண்ணீரும் தாங்கும். நூலை இழை இழையாக மேயும். வயலில் கிடைக்கும் பெரிய ஆப்பிள் நத்தையை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது செடியையே சாப்பிட்டுவிடும்.

பாட்டனிடீச்சர் | மார்ச் 12, இரவு 10.35

நத்தை மேல் எனக்கு விரோதம் இல்லை. ஆனால் நத்தை பாசியைத் தின்று எங்கே கொண்டுபோய் வைக்கிறது? அதே தொட்டியில்தான். பாசி நத்தைப் புழுக்கையாகிறது, புழுக்கை மறுபடி பாசியாகிறது. குச்சியில் சுற்றி வெளியே போடும் ஒரு டம்ளர் பாசி, ஐம்பது நத்தை செய்யாத வேலையைச் செய்கிறது. அதோடு போகும் பாஸ்பரஸ் திரும்பி வராது.

ஆரியாவில் பை குறைந்ததற்கு வெளிச்சம் காரணமாக இருக்காது. தண்ணீரிலேயே சத்து கிடைத்தால் யூட்ரிகுலேரியா பை கட்டும் செலவைக் குறைத்துக்கொள்ளும். வாங்கிச் சாப்பிட வசதி இருக்கும்போது யார் அடுப்பு மூட்டுவார்கள்? தாம்பரம்மாடி, மறைக்காமல் சொல்லுங்கள். அந்த மணலுக்கு அடியில் என்ன இருக்கிறது?

நத்தைவேகம் | மார்ச் 12, இரவு 10.52

கணக்கு சரிதான் டீச்சர். ஆனால் பொறிக்குள் பின்னிய நூலைக் குச்சியால் எடுத்தால் செடி உடையும். நத்தை எடுத்தால் உடையாது. அந்த ஒரு வேலைக்கு மட்டுமாவது இரண்டு விடலாம்.

தாம்பரம்மாடி | மார்ச் 13, காலை 7.20

மண்புழு உரம்.

ஒரு காணொளியில் பார்த்துச் செய்தேன். செடித் தொட்டி என்றால் அடியில் ஓர் அங்குலம் மண்புழு உரம், மேலே மணல் மூடாக்கு. மாடித் தோட்டக்காரன் புத்தி, செடி என்றால் உரம் வைக்காமல் கை நிற்காது. இரண்டு கிலோ பை முழுவதும் போட்டேன்.

கோவைசிறுவாணி | மார்ச் 13, காலை 7.31

ஐயையோ.

வாய்க்கால்மேடு | மார்ச் 13, காலை 7.45

இரண்டு கிலோவில் எங்கள் வீட்டில் கத்தரிக்காயே காய்க்கும்.

ஏரிக்கரை | மார்ச் 13, இரவு 9.40

சரி, சிரித்தது போதும். எல்லோரும் ஏதாவது ஒரு தொட்டியில் இதைச் செய்தவர்கள்தான். நான் செம்மண் போட்டேன்.

தம்பி, ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். ஆல்ட்ரோவாண்டாவுக்கு வேர் கிடையாது. யூட்ரிகுலேரியாவுக்கும் கிடையாது. வேரே இல்லாத செடிக்கு அடியில் உரம் வைத்தால் அது யாருக்குப் போகும்? இவை பொறி வைத்துப் பிடித்துச் சாப்பிடக் கற்றுக்கொண்டதே தண்ணீரில் ஒன்றும் இல்லாத இடத்தில் பிழைப்பதற்காகத்தான். ஏழைத் தண்ணீரில் பாசி பட்டினி கிடக்கும், இவை வேட்டையாடிச் சாப்பிடும். அந்த ஒரே அனுகூலத்தையும் பறித்துப் பாசி கையில் கொடுத்துவிட்டோம். நூல்பாசியை எடுப்பது, நத்தை விடுவது, நிழல் கட்டுவது எல்லாம் இதற்குப் பிறகுதான்.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். பாதிக்கு மேல் என் யோசனை இல்லை. செக் நாட்டின் த்ரெபோன் ஊரில் லுபோமிர் ஆடமெக் என்ற ஆய்வாளர் பல பத்தாண்டுகளாக நீர்வாழ் பூச்சியுண்ணிகளை ஆராய்கிறார். அவர் வெளியில் வைக்கும் பாத்திரங்களில் காய்ந்த கோரை இனத்துச் சருகைத்தான் அடியில் போடுகிறார். அவர் ஊரில் காரெக்ஸ் கிடைக்கும். நமக்கு ஏரிக்கரைக் கோரை இருக்கிறது.

தொட்டியைக் காலி செய்யுங்கள். கலக்கினால் உரம் முழுக்க மேலே வரும், அதனால் செடிகளை முதலில் வேறு பேசினுக்கு மாற்றுங்கள். ஆல்ட்ரோவாண்டாவில் பாசி படாத நுனி இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் நகவெட்டியால் நறுக்கி எடுங்கள். மீதியைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், மனசு கேட்காது, ஆனாலும் எறியுங்கள். வெள்ளைப் பேசினில் ஆர்.ஓ. தண்ணீரில் மிதக்கவிட்டு, பழைய பல்துலக்கியின் ஒற்றை மயிரால் ஒட்டிய நூலை நீக்குங்கள். நத்தைவேகம் சொன்ன இரண்டு நத்தைகளை அந்தப் பேசினில் இரண்டு நாள் விடுங்கள். அங்கே அவை தேவலை, டீச்சரும் கோபிக்க மாட்டார். ஆரியாவிலும் அதே மாதிரி நுனி மட்டும். கிப்பாவை என்ன செய்தாலும் சாகாது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

புதிய தொட்டியில் மண் வேண்டாம், மணலும் வேண்டாம். தேங்காய் நார்த்தூள் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நன்றாக அலசாத நார்த்தூளில் உப்பும் பொட்டாசியமும் இறங்கும், வேண்டாம். காய்ந்த பழுப்புக் கோரையை விரல் நீளத்துக்கு வெட்டி, கொதிநீரில் ஒருமுறை முக்கி எடுத்து, அடியில் இரண்டு பிடி. மேலே பாதாம் இலை இரண்டு. தண்ணீர் பெரும்பாலும் ஆர்.ஓ., பத்துக்கு ஒரு பங்கு மட்டும் போர் தண்ணீர் இருக்கட்டும். வற்றினால் ஆர்.ஓ. மட்டும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. உங்கள் தொட்டி 840க்கு ஏறியதே அப்படித்தான்.

செடிகளை உடனே போடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் சும்மா இருக்கட்டும். முதலில் தண்ணீர் கொஞ்சம் கலங்கும், லேசாக மணக்கும், அப்புறம் தெளியும். அதற்குப் பிறகு செடி.

ஒரு மூலையில் சிறு தொட்டியில் கோரையோ நெல்லோ நட்டு, வேர் தண்ணீரில் தொங்கும்படி வையுங்கள். மிச்சம் மீதி சத்தை அது குடிக்கும், நிழலும் தரும்.

சிங்கைத்தொட்டி | மார்ச் 14, காலை 8.05

தொங்க விட வேர்தானே வேண்டும், மிதக்கும் செடி போடலாமே? ஆகாயத்தாமரை, அசோலா?

வாய்க்கால்மேடு | மார்ச் 14, காலை 8.30

எந்த ஆகாயத்தாமரை? குட்டி முட்டைக்கோஸ் மாதிரி இருக்குமே அதுவா, ஊதாப் பூ பூத்து ஏரியை அடைக்குமே அதுவா? எங்களுக்கு இரண்டாவது வெங்காயத்தாமரை.

சிங்கைத்தொட்டி | மார்ச் 14, காலை 8.41

முட்டைக்கோஸ்.

பாட்டனிடீச்சர் | மார்ச் 14, இரவு 9.15

அதைப் போடலாம், நான்கைந்துக்கு மேல் போகாமல் வாரம் ஒருமுறை எடுத்துவிட வேண்டும். அசோலா வேண்டாம். அதன் இலைக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றில் இருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது, அதற்காகத்தான் வயலில் போடுகிறார்கள். வயலுக்கு நல்லது. தொட்டியில் அது செத்து மக்கினால் இல்லாத நைட்ரஜனை நாமே கொண்டுவந்து சேர்த்ததாகும்.

தொட்டியைப் போர்வையால் மூடி நான்கு நாள் இருட்டில் வைக்கும் வைத்தியத்தையும் யாராவது சொல்வார்கள், முன்கூட்டியே மறுத்துவிடுகிறேன். பாசி சாகும், அழுகும், சத்து முழுவதும் தண்ணீருக்கே திரும்பும். இருட்டில் பட்டினி கிடந்த ஆல்ட்ரோவாண்டாவும் கூடவே போகும்.

தாம்பரம்மாடி | ஏப்ரல் 6, இரவு 10.20

செய்துவிட்டேன். ஐந்து நுனிகள் தேறின. தொட்டியைக் காலி செய்த அன்று பால்கனி முழுக்க உர வாசம், கீழ் வீட்டு மாமி என்னவென்று கேட்டு வந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீரை மாடியில் கத்தரிக்கும் வெண்டைக்கும் ஊற்றினேன். வாய்க்கால்மேடு, கத்தரி நன்றாகக் காய்க்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

புதுத் தொட்டி மூன்று வாரம் சும்மா இருந்து, நேற்றுச் செடி விட்டேன். டிடிஎஸ் 130. பிஹெச் காலை 6.6, மூன்று மணிக்கு 6.9. மேலே பச்சை நிழல்வலை பாதிப் பக்கம் மட்டும்.

தாம்பரம்மாடி | ஏப்ரல் 24, காலை 6.50

நூல்பாசி இல்லை. ஆனால் தண்ணீரே பச்சையாகிவிட்டது! நேற்று முன்தினம் வரை கட்டஞ்சாயா, இன்று பாகற்காய்ச் சாறு. தண்ணீர் மாற்றட்டுமா?

ஏரிக்கரை | ஏப்ரல் 24, காலை 7.25

மாற்றாதீர்கள். இது நூல்பாசி இல்லை, ஒற்றைச் செல் பாசி. இதற்கு வைத்தியமும் சாப்பாடும் ஒன்றுதான்: மொய்னா என்ற நீர்த்தெள்ளு. கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் உயிருள்ள மொய்னா கிடைக்கும். டாப்னியா என்ற இன்னொரு நீர்த்தெள்ளைக் கேட்காதீர்கள், சித்திரை வெயிலுக்கு அது தாங்குவது சந்தேகம். மொய்னா பச்சைத் தண்ணீரை வடிகட்டித் தின்னும், செடிகள் மொய்னாவைத் தின்னும். நத்தையில் டீச்சர் சொன்ன குறை இதில் இல்லை. பாசியில் இருந்த சத்து மொய்னா வழியாகச் செடிக்குள் போய்விடுகிறது.

ஒன்று முக்கியம். அவர்கள் கொடுக்கும் பையில் மொய்னாவோடு வரும் தண்ணீர் சாக்கடைக்குச் சமம். துணியில் வடிகட்டி, ஆர்.ஓ. தண்ணீரில் அலசி, அப்புறம் விடுங்கள். ஒரு தேக்கரண்டி போதும். அள்ளிக் கொட்டினால் சாப்பிட முடியாதது செத்து அழுகும்.

கோவைசிறுவாணி | ஏப்ரல் 24, காலை 9.00

மொய்னா விட்ட அன்று தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்காருங்கள். ஆல்ட்ரோவாண்டா வீனஸ் ஃபிளைட்ராப்பின் நெருங்கிய உறவு, அதே மாதிரி இரண்டு மடல் மூடுவதைக் கண்ணால் பார்க்கலாம். யூட்ரிகுலேரியாவின் பை உறிஞ்சுவதைப் பார்க்க முடியாது, ஒரு மில்லி வினாடிக்குள் முடிந்துவிடும். மொய்னா இருந்தது, இப்போது இல்லை, அவ்வளவுதான் தெரியும்.

தாம்பரம்மாடி | மே 2, இரவு 9.10

எட்டு நாளில் தெளிந்துவிட்டது. நான் செய்தது ஒரு தேக்கரண்டி மொய்னா, நான்கு நாள் கழித்து இன்னொரு தேக்கரண்டி. ஆரியாவில் புதிய கிளைகள் முழுக்கப் பைகள், சிலவற்றுக்குள்ளே கருப்பாக ஏதோ தெரிகிறது. மொய்னாவோடு சின்னச் சின்ன விதை மாதிரி ஏதோ வந்து அடியில் ஊர்கிறது, அது என்ன?

பாட்டனிடீச்சர் | மே 2, இரவு 10.00

ஆஸ்ட்ரகோடா. இரண்டு ஓட்டுக்குள் வாழும் குட்டி ஓட்டுமீன். இலையில் படியும் பாசியை மேயும், தப்பினால் மேயும், தப்பாவிட்டால் பொறிக்குள் போகும். இருக்கட்டும்.

யாழ்கேணி | மே 3, காலை 6.40

நுளம்புப் புழு இருக்கா?

தாம்பரம்மாடி | மே 3, காலை 8.15

தேடினேன், கண்ணில் படவில்லை. போன வாரம் கொசுப்புழு பார்க்க வந்த அக்கா டார்ச் அடித்து ஐந்து நிமிடம் துழாவிவிட்டு, ‘இவ்வளவு அழுக்குத் தண்ணி வச்சிருக்கீங்க, ஒண்ணையும் காணோமே’ என்றார். கட்டஞ்சாயா நிறத்தை அழுக்கு என்று நினைத்துவிட்டார். ஆரியாவின் பையைக் காட்டி விளக்கினேன். நம்பிய மாதிரி தெரியவில்லை.

தாம்பரம்மாடி | ஆகஸ்ட் 17, இரவு 9.30

கேட்டவர்களுக்காக ஒரு தகவல். ஆல்ட்ரோவாண்டா ஐந்து நுனியில் இருந்து இருபத்து மூன்று இழை. கத்திரி வெயிலில் தண்ணீர் 36 டிகிரி தொட்டபோது இரண்டு போனது. அப்புறம் வலையை முழுவதும் இழுத்துவிட்டேன். ஜூலையில் மாலை மழை பிடித்து இரண்டு டிரம் வைத்திருக்கிறேன், ஆர்.ஓ. வாங்குவது நின்றது. ஆரியா போன வாரம் பூத்தது, மஞ்சள். மூலையில் நட்ட நெல் கதிர் வாங்கிவிட்டது.

நூல்பாசி இருக்கிறது. வடக்கு மூலையில், நிழல் குறைந்த இடத்தில், விரல் அளவு. பத்து நாளைக்கு ஒருமுறை குச்சியில் எடுக்கிறேன். ஆல்ட்ரோவாண்டாவின் வால் பக்கத்தில் கொஞ்சம் ஒட்டியிருக்கும், நுனி சுத்தமாக இருக்கும்.

இப்போது வேறு தொல்லை. கிப்பா. எல்லாவற்றின் மேலும் படர்ந்து வலை மாதிரி பின்னிவிட்டது. நூல்பாசியை எடுத்த அதே குச்சியால் இப்போது இதைச் சுற்றி எடுக்கிறேன், அதே டம்ளர் நிறைய வருகிறது.

வாய்க்கால்மேடு | ஆகஸ்ட் 17, இரவு 9.52

அப்பாவிடம் சொன்னேன். ‘நான் அன்னைக்கே பாசின்னு சொன்னேனே’ என்கிறார்.

ஏரிக்கரை | ஆகஸ்ட் 18, காலை 6.30

எடுக்கும் கிப்பாவை ஏரியிலோ சாக்கடையிலோ போடாதீர்கள் தம்பி. வெயிலில் மொறுமொறுவென்று காய வைத்து மாடித் தோட்டத்து மக்கு உரத்தில் போடுங்கள்.

தாம்பரம்மாடி | ஆகஸ்ட் 18, காலை 8.10

அப்படியே அண்ணா. தாம்பரம் பக்கம் யாருக்காவது கிப்பா வேண்டுமானால் சனிக்கிழமை வரலாம். பெரிய பாத்திரமாகக் கொண்டு வாருங்கள்.